படத்தில் ஆறு கிழங்கு

சந்தையில் கிழங்கு விற்கும் தெலேசாவின் சாக்கு விரிப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, எஸ்நாத் முலிபா மரவள்ளிக்கிழங்கு நான்கைத் துணிப்பையில் போட்டு ஸ்பிரிங் தராசின் கொக்கியில் மாட்டுகிறாள். முள் ஆடி அடங்கும்வரை மூச்சை அடக்கிக்கொள்கிறாள். ஒன்றரைக் கிலோ. அதை நோட்டில் எழுதிவிட்டு, பெரியது அடியில் சின்னது மேலே என்று முன்பு இருந்தபடியே கிழங்குகளைக் குவித்து வைக்கிறாள். வாங்குவதில்லை.

"ஆச்சா மாயி?" என்கிறாள் தெலேசா. மாயி என்றால் அம்மா. "இந்தச் சந்தையிலயே நீ ஒருத்திதான், தொட்டுத் தடவிப் பாத்துட்டு சும்மா போறவ. அஞ்சு நாளா அந்தக் கிழங்கத் தூக்குல போட்டுப் போட்டு எறக்குற. அது என்ன குத்தம் பண்ணுச்சு?"

"கோச்சுக்காத. நாளைக்கும் வருவேன்."

"வா, வா. ஒனக்குன்னே குவிச்சு வெக்கிறேன்."

அவள் சொல்வதும் உண்மைதான். எஸ்நாத்தின் பச்சைக் குடை சாலைத் திருப்பத்தில் தெரிந்ததுமே தெலேசா குவியலைக் கொஞ்சம் சீர் செய்து வைத்துவிடுகிறாள். விருந்தாளி வருகிற நாளில் வாசலைக் கூட்டிவைக்கிற மாதிரி. எஸ்நாத் அதைக் கவனிப்பதில்லை. எதையும் இரண்டு தடவை கவனிக்கிற மனுஷி, இதை மட்டும் கோட்டை விட்டாள். அதைப் பிறகு பார்ப்போம்.

எஸ்நாத்துக்கு வயது நாற்பத்து மூன்று. தெற்கு மலாவியின் கிராமங்களில் வீடு வீடாகப் போய், போன ஏழு நாளில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பது அவள் வேலை. பதினான்கு வருஷமாக இதுதான். வேலை நிரந்தரமில்லை, ஒவ்வொரு ஆண்டும் புது ஒப்பந்தம், புது அடையாள அட்டை, அதே ரப்பர் செருப்பு. இத்தனை சதவீதம் பேர் ஏழைகள், போன ஆண்டைவிட இவ்வளவு குறைந்தது என்று பத்திரிகையில் கட்டம் கட்டிப் போடுகிறார்களே, அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருக்கிற எண்களை ஆதியில் தட்டுவது இவள் கட்டைவிரல்தான். அந்த விரலின் ஓரத்தை அவள் கடித்துக் கடித்து நகமே பாதியாகிவிட்டது.

பயம் அவளுக்குக் கூடவே பிறந்தது. டேப் என்கிற கைக்கணினியை உறைக்குள் வைப்பாள். பத்தடி நடந்து திரும்ப எடுத்து, பதிவானது பதிவாகித்தான் இருக்கிறதா என்று பார்ப்பாள். மழைக்குப் போட்ட பிளாஸ்டிக் உறைக்கு இரண்டு முடிச்சு, பைக்கு இரண்டு முடிச்சு. வீட்டிலும் இதே கதைதான். "ஏழு நாளைக்கு முந்தி என்ன சாப்பிட்டோம்னு மட்டும் எங்கிட்டக் கேட்டுராத, விவாகரத்துதான்" என்று அவள் புருஷன் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறான்.

கேள்வி கேட்கப் போன வீட்டில் எதையும் கொடுக்கக் கூடாது என்பது வேலை விதி. ஒரு துண்டு சோப்பைக்கூடக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அடுத்த வீட்டில் பதில் மாறிவிடும். எஸ்நாத் பதினான்கு வருஷத்தில் இந்த விதியை மீறியதில்லை. வாங்கக் கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறது. அதுதான் சிக்கல். இந்த ஊர்களில் சாப்பாட்டு நேரத்தில் வந்து நிற்கிறவரைச் சாப்பிடாமல் அனுப்பினால் அந்த வீட்டுக்கே அவமானம். கை கழுவத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டிவிடுவார்கள். வேண்டாம் என்றால் முகம் வாடும். அப்புறம் எந்தக் கேள்விக்கும் பதில் வராது. எஸ்நாத் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். நிசிமா என்னும் சோளக்களியில் ஒரு உருண்டை பிட்டுச் சாப்பிடுவாள். பிறகு டேப்பைத் திறந்து, 'இந்த வாரம் வெளியார் யாராவது இங்கே சாப்பிட்டார்களா' என்ற கேள்விக்குப் போய், விருந்தினர் ஒருவர், வேளை ஒன்று என்று தன்னையே எழுதிவிடுவாள். அவள் போன ஊர்களின் கணக்கில் மட்டும் எல்லா வீட்டிலும் ஒரு விருந்தாளி இருப்பதைப் பார்த்து, "ஒன்னோட பகுதியில சனங்க ரொம்ப உபசாரம் போல" என்று மேற்பார்வையாளர் வைசன் கோண்ட்வே ஒருமுறை கேட்டார். "அது நாந்தான் ப்வானா" என்றாள். அவர் டீயைத் துப்பிவிட்டார்.

இவ்வளவு சுத்தமாகக் கணக்கு எழுதுகிறவளுக்கு எங்கே இடறியது என்றால், படப் புத்தகத்தில்.

இங்கே யாரும் கிலோவில் வாங்குவதில்லை. மாவுக்கு வாளி, கடலைக்குத் தட்டு, கிழங்குக்கும் தக்காளிக்கும் குவியல். ஒரு குவியல் எவ்வளவு என்று கேட்டால், ஒரு குவியல்தான் என்பார்கள். அதனால் சர்வேக்காரர்கள் படப் புத்தகம் ஒன்று அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் சின்னக் குவியல், நடுக் குவியல், பெரிய குவியல் என மூன்று படம்; அளவு தெரியப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி. வீட்டுக்காரி விரலை வைத்துக் காட்டுகிற படத்தை டேப்பில் தொட்டால் போதும். அந்தப் படத்துக்கு எத்தனை கிலோ, அத்தனை கிலோவில் எத்தனை கலோரி, ஆளுக்கு எவ்வளவு, அந்த வீடு வறுமைக் கோட்டுக்கு மேலே நிற்கிறதா கீழே கிடக்கிறதா என்பதெல்லாம் தானே ஓடி முடிந்துவிடும். மரவள்ளிச் சின்னக் குவியலின் படத்தில் ஆறு கிழங்குகள் இருக்கின்றன. இரண்டு கிலோ அறுநூறு கிராம்.

படம் எடுத்தது ஒரு ஜூன் மாதத்தில். அறுவடை முடிந்து, வயிறு நிறைந்து, சந்தையில் கிழங்கை மிதித்துக்கொண்டு நடக்கிற மாதம். இப்போது பிப்ரவரி. முலாஞ்சே மலை அடிவாரம்வரை மக்காச்சோளம் ஆளுயரம் நிற்கிறது, கதிர் இன்னும் முற்றவில்லை. தலைநகரத்திலிருந்து காரில் வருகிறவர்கள் கண்ணாடியை இறக்கி, என்ன பச்சை என்று படம் எடுத்துக்கொள்கிற மாதமும் இதுதான். அந்தப் பச்சைக்கு நடுவே சனங்கள் தவிட்டை மாவில் கலந்து கிண்டுகிறார்கள்.

இந்தப் பஞ்ச மாதங்களில் சந்தைக்காரர்கள் விலையை ஏற்றுவதில்லை. அதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். ஜூனிலும் ஒரு குவியல் ஐந்நூறு குவாச்சா, பிப்ரவரியிலும் ஐந்நூறு குவாச்சா. குவியல்தான் மெல்ல மெல்ல இளைக்கும். தெலேசாவிடம் கேட்டால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொல்வாள்: "வெலைய ஏத்துனா சண்டை வரும். குவியல் சின்னதாப் போனா யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. நானும் பாக்காத மாதிரி வெப்பேன், அவங்களும் பாக்காத மாதிரி எடுத்துட்டுப் போவாங்க. நாளைக்கும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கணுமில்ல?"

ஆக, எஸ்நாத் பாயில் புத்தகத்தை விரித்து, "எந்தக் குவியல் மாயி?" என்று கேட்டால், வீட்டுக்காரி சின்னதிலேயே சின்னதாகப் பார்த்து விரல் வைக்கிறாள். அதைவிடச் சின்னப் படம் புத்தகத்தில் இல்லை. ஆறு கிழங்கு என்று கணக்கு ஏறிவிடுகிறது.

போன வருஷம் இதே நம்பிரா ஊரில், இதே பதினாறு வீடுகளில் எஸ்நாத் இப்படித்தான் விரல் காட்டிய படத்தைத் தொட்டுக்கொண்டே போனாள். ஒரு பொய் எழுதவில்லை. இந்த வருஷம் முதல் நாள் ஃபலேசியின் வீட்டு முற்றத்தில் கால் வைத்தபோதுதான் தெரிந்தது.

ஃபலேசி முப்பது வயதுக்காரி. புருஷன் எல்லை தாண்டி வேலைக்குப் போய் இரண்டு வருஷமாகத் தகவலில்லை. அவளோடு சேர்த்து வீட்டில் ஆறு வாய். அவள் எஸ்நாத்துக்குப் பாய் விரிக்கவில்லை.

"வா. போன வருஷம் நீதானே வந்த?"

"ஆமா மாயி."

"கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன். ஒரு காலை முழுக்க ஒக்காந்து சொன்னேன். கடைசியில, உங்க பதில் எல்லாருக்கும் உதவியா இருக்கும்னு வாசிச்சுட்டுப் போன. அப்புறம் பக்கத்து ஊருக்கெல்லாம் சோள மூட்டை வந்துச்சு. எங்களுக்கு வரல. நம்பிராவுல போதுமான அளவு சாப்பிடுறாங்கன்னு பட்டியல்ல இருக்குதாம். யாரு சாப்பிட்டா? நீ அப்படி என்னதான் எழுதுன?"

 நீங்க சொன்னதைத்தான் எழுதினேன் என்றாள் எஸ்நாத். அது அவள் காதுக்கே சகிக்கவில்லை. "அப்ப நான்தான் பொய் சொல்லிட்டேனாக்கும்" என்று சொல்லிவிட்டு ஃபலேசி உள்ளே போய்விட்டாள்.

அன்று மதியம் எஸ்நாத் தங்கியிருந்த பள்ளிக்கூட வகுப்பறையில் பழைய நோட்டைப் புரட்டினாள். ஃபலேசி: மரவள்ளி, சின்னக் குவியல், ஏழு. நாளுக்கு ஒன்று. புத்தகப்படி பார்த்தால் ஏழு குவியல் பதினெட்டுக் கிலோவுக்கு மேல். அந்தப் பதினெட்டுக் கிலோதான் அந்த வீட்டைக் கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை தூக்கி நிறுத்தியது. வீடு வீடாக இப்படியே தூக்கி, ஊரையே தூக்கிவிட்டது. ஒரு ஜூன் மாதம் யாரோ படமெடுத்த கிழங்கை ஃபலேசியின் பிள்ளைகள் பிப்ரவரியில் தின்றதாகக் கணக்கு. எஸ்நாத் நோட்டை மூடிவிட்டு வாய்விட்டு அழுதாள். பதினான்கு வருஷம், எத்தனை ஊர், எத்தனை பாய்கள் என்று மனசு பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையிலிருந்துதான் தராசு. தெலேசாவிடம் நிறுத்துப் பார்ப்பாள். அன்றைக்கு மட்டும் ஒரு குவியலைத் தன் காசில் வாங்கி வண்ணத்துணியில் முடிந்து வைத்துக்கொண்டாள். படப் புத்தகத்துக்குப் பதிலாக அந்த நான்கு கிழங்கைப் பாயில் பரப்பி, "நீங்க வாங்குனது இவ்வளவு இருக்குமா?" என்று கேட்க ஆரம்பித்தாள். இருக்கும், இருக்கும் என்று தலையை ஆட்டினார்கள். டேப்பில் படத்தைத் தொடாமல் 'இதர அளவு' என்பதைத் தொட்டு, ஒன்றரைக் கிலோ என்று தட்டினாள்.

'இதர அளவு' தொட்டால் ஓரத்தில் சிவப்புப் புள்ளி விழும். தக்காளிக்கு ஒன்று, கருவாட்டுக்கு ஒன்று, கிழங்குக்கு ஒன்று. பதினோரு வீடு முடிந்தபோது இருபத்தொன்பது சிவப்பு.

வைசன் கோண்ட்வே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஐம்பதைத் தாண்டியவர். வயிற்றுப் புண்ணுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு நாலு மாவட்டத்தை மேய்க்கிறவர். தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசுவார். கெட்ட மனுஷர் இல்லை.

"எஸ்நாத், என்னம்மா இது? ஊரே அம்மை போட்ட மாதிரி செவந்து கெடக்கு."

அவள் தராசைக் காட்டினாள், புத்தகத்தைக் காட்டினாள், நோட்டைக் காட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்றது வெளங்குது. ஆனா பத்து வருஷமா எல்லா ஊர்லயும் அதே படந்தான். அது மாறாம இருந்தாத்தான் போன வருஷத்தோட இந்த வருஷத்த ஒப்பிட முடியும். அளக்குற கோலை நடுவுல மாத்திட்டா, புள்ள வளந்துச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"கோலை மாத்த வேணாம் ப்வானா. ஆனா நாம புள்ளைய அளக்கவே இல்லையே. கோலோட நீளத்தத்தான வருஷா வருஷம் எழுதிட்டு இருக்கோம்."

வைசன் வயிற்றைத் தடவிக்கொண்டார். "முப்பதைத் தாண்டுச்சுன்னா மெஷினு ஊரையே ஒதுக்கிரும். சந்தேகம்னு போட்ருவாங்க. அப்புறம் நம்பிரா ஏழையும் இல்ல, பணக்காரனும் இல்ல, வெறும் கட்டம். தப்பான எண்ணா இருந்தாக்கூட பட்டியல்ல எங்கயாச்சும் ஒரு மூலையில இருப்பாங்க. கட்டம் காலின்னா எந்த மூட்டையும் வராது. புரியுதா?"

"நீங்க உங்க மேற்பார்வை நம்பரப் போட்டு ஒவ்வொரு செவப்பாத் தொறந்து விடலாமில்ல?"

"போட்டா நாளைக்கு நான் பதில் சொல்லணும். எனக்கு மூணு வருஷந்தான் பாக்கி." கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு செய்யி. ஏழு குவியல்னு சொல்றாங்களா, நாலுன்னு போடு. படம் அதே படம். நாலு தடவ ரெண்டு கிலோ அறுநூறு, பத்து கிலோ சொச்சம். உன் தராசுலயும் அதான வருது? எடையும் சரியாப் போச்சு, செவப்பும் விழாது. ஒருத்தருக்கும் பாதகமில்ல."

கணக்கு அச்சாகப் பொருந்தியது. அதுதான் அவளைத் தடுமாற வைத்தது. போன வருஷம் உண்மையை எழுதி ஊரைக் கெடுத்தாள். இப்போது ஒரு சின்னப் பொய் எழுதினால் ஊருக்குச் சோளம் வந்துவிடும் போலிருக்கிறது. அன்று மத்தியானம் முழுக்கப் பள்ளிக்கூட மாமரத்தடியில் டேப்பைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரல் ஓரத்தில் ரத்தம் வந்துவிட்டது.

சாயங்காலம் வைசனிடம் போய், "முடியாது ப்வானா" என்றாள். "அவங்க ஏழுன்னு சொல்வாங்க. நாலுன்னு எழுதுனா அது அவங்க வாயில வந்ததில்ல, எங் கையில வந்தது. அப்புறம் அந்தப் படமும் சரியான படமாவே இருந்துரும். வர்ற வருஷம் இன்னொருத்தி அத எடுத்துட்டு இன்னொரு ஊருக்குப் போவா."

"அப்ப ஊரு காலிக் கட்டமாப் போனாப் பரவாயில்லியா?"

 "நாளைக்கு ஃபலேசி வீடு. நீங்களும் வந்து ஒக்காருங்க. பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். மனசுக்குள், அவர் வந்து பார்த்துவிட்டு முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற நடுக்கம். ஒப்பந்தமும் போகும், ஊரும் போகும்.

காலையில் இருவருமாகப் போனார்கள். பழைய குவியல் வாடிப்போயிருந்ததால், போகிற வழியில் தெலேசாவிடம் புதிதாக நான்கு கிழங்கு வாங்கிக்கொண்டாள். "மறுபடியும் வாங்கிட்டியே! மழை வரும்" என்றாள் தெலேசா. ஃபலேசி இந்தத் தடவை பாய் விரித்தாள். வைசன் கோட்டும் தொப்பியுமாக வந்ததால் இருக்கும். அவருக்கு முக்காலி, எஸ்நாத்துக்குப் பாய். அடுப்புக் கல் மூன்றும் சாம்பல் தட்டிச் சுத்தமாக இருந்தன.

மாவு, கீரை, உப்பு எல்லாம் கேட்டு முடித்து மரவள்ளிக்கு வந்தாள். போன ஏழு நாளில் ஏழு குவியல் என்றாள் ஃபலேசி. எஸ்நாத் வண்ணத்துணியின் இரண்டு முடிச்சையும் அவிழ்த்து, நான்கு கிழங்கையும் பாயில் பெரியது அடியில், சின்னது மேலே என்று குவித்தாள்.

"இவ்வளவு இருக்குமா மாயி?"

ஃபலேசி குவியலைப் பார்த்தாள். எஸ்நாத்தைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பில்லை.

"இது எங்க வாங்குன?"

"தெலேசாகிட்டதான்."

"உனக்கு வெக்கிற குவியல் இது. நீதான் தராசும் குடையுமா வர்றியே. வெளியூர்க்காரி நிறுத்துப் பாக்கையில நம்ம சந்தை கேவலப்படக் கூடாதுன்னு ஒண்ணு கூட வெக்கிறா. நீ திரும்பி நடந்ததும் எடுத்துருவா." சொல்லிக்கொண்டே குனிந்து, மேலே இருந்த கிழங்கை எடுத்து எஸ்நாத்தின் மடியில் வைத்தாள். பாயில் மூன்று இருந்தன. "இதுதான் எங்களுக்கு. அவகிட்டச் சொல்லிராத. வருத்தப்படுவா."

"மத்தவங்க ஒருத்தரும் சொல்லலியே. பதினோரு வீட்டுலயும் ஆமான்னாங்களே."

"தெலேசாவ எப்படி விட்டுக் குடுப்பாங்க? நானும் சொல்லிருக்க மாட்டேன். எனக்குப் போன வருஷக் கோவம் தீரல, அதான்."

எஸ்நாத்துக்கு அப்போதுதான் விளங்கியது. படம்தான் பொய் என்று தராசைத் தூக்கினாள். தராசைத் தூக்கிக்கொண்டு போனதே குவியலை மாற்றிவிட்டது. ஐந்து நாளாக அவள் நிறுத்து நிறுத்து எழுதியது, அவளுக்கென்று வைத்த மரியாதையை. பதினோரு வீட்டுக்கும் திரும்பப் போக வேண்டும். இருபத்தொன்பது சிவப்பையும் அழித்துத் திரும்பச் சிவக்க வைக்க வேண்டும். வைசன் என்ன சொல்வார் என்று நிமிர்ந்து பார்க்கக்கூட அவளுக்குத் துணிவில்லை. மூன்று கிழங்கையும் பையில் போட்டுத் தூக்கினாள். முள் ஒருவழியாக நின்றது. மூன்று கிழங்கு, ஒரு கிலோ நூறு கிராம் என்று தட்டினாள். முப்பதாவது சிவப்பு விழுந்தது. அடுத்தது தக்காளி, அதுவும் 'இதர அளவு'தான். முப்பத்தொன்று. திரை அப்படியே நின்றுவிட்டது. மேற்பார்வையாளர் எண் கேட்டது.

முக்காலியிலிருந்து வைசன் பாயில் கிழங்கு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு தடவ மூணு கிழங்கு," என்றார் மெதுவாக. "ஏழு கிலோ சொச்சம். அப்ப நான் சொன்ன மாதிரி நாலுன்னு போட்டிருந்தாலும் தப்பாத்தான் போயிருக்கும். சரியாப் போச்சுன்னு வேற நெனச்சுட்டு இருந்திருப்போம்."

கையை நீட்டினார். எஸ்நாத் டேப்பைக் கொடுத்தாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தன் எண்ணைத் தட்டினார். ஒரு சிவப்பு பச்சையானது. விளக்கம் எழுதும் இடத்தில் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாக எழுதினார்: நேரில் பார்த்தேன், வைசன் கோண்ட்வே. இப்படி முப்பத்தொரு தடவை எழுத வேண்டும். பெருமூச்சு விட்டுக்கொண்டார்.

"பதினோரு வீட்டுக்கும் நாளையிலேருந்து கூடவே வர்றேன். இந்தக் குடைய மட்டும் வீட்டுல வெச்சுட்டு வாம்மா. சந்தைப் பக்கம் போகாத. நாம வர்றது கிழங்குக்குத் தெரியக் கூடாது."

மேலே இருப்பவர்கள் இதை ஏற்பார்களா, ஊரை ஒதுக்கிவிடுவார்களா என்று அவருக்கும் தெரியாது. கேட்கிற தைரியம் எஸ்நாத்துக்கும் இல்லை. ஃபலேசிக்கு இவர்கள் பேசியது பாதிதான் புரிந்தது. "என்ன எழுதிருக்கு இப்ப?" என்றாள். எஸ்நாத் எந்த வீட்டிலும் செய்யாததைச் செய்தாள். வைசன் கையிலிருந்த டேப்பை வாங்கி, திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஃபலேசி இடுப்புத் துணியில் விரலைத் துடைத்துக்கொண்டு, மூன்று என்ற எண்ணின் மேல் வைத்து, "இது எனக்குத் தெரியும்" என்றாள்.

எஸ்நாத் மூன்று கிழங்கையும் வண்ணத்துணியில் வைத்து முடிந்தாள். மற்ற வீடுகளில் காட்ட வேண்டும்; அதை இங்கே விட்டுவிட்டுப் போக முடியாது. ஃபலேசி துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொடுத்தாள். பார்வை மட்டும் கிழங்கின் மேலேயே இருந்தது. முடிச்சுப் போட்டு எழுந்திருக்கப் போன எஸ்நாத்தின் மடியிலிருந்து நான்காவது கிழங்கு உருண்டது.

அதை யார் கணக்கில் சேர்ப்பது? தெலேசா மரியாதைக்கு வைத்தது. ஃபலேசி எடுத்துத் தள்ளியது. இனி எந்த வீட்டிலும் காட்டுவதற்கு அது வேண்டாம். எஸ்நாத் அதைக் கையில் எடுத்தாள். பிறகு திரும்பவும் பாயில் உட்கார்ந்து, டேப்பில் பின்னுக்குப் போய், பின்னுக்குப் போய், 'இந்த வாரம் யாரிடமிருந்தாவது உணவு இனாமாகக் கிடைத்ததா' என்ற கேள்வியைப் பிடித்தாள். காலையில் இல்லை என்று அவளே போட்டது. அதை ஆமாம் என்று மாற்றினாள்.

"என்னம்மா அது?" என்றார் வைசன்.

"இவங்களுக்கு நான் குடுக்குறது ப்வானா. எழுதிட்டுத்தான் குடுக்கணும்" என்றாள். ஒற்றைக் கிழங்கைப் பையில் போட்டுக் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பிடித்து, முள் ஆடி அடங்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டாள்.